மறு: ‘உயர்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்’ – வேறு சொல் பார்க்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> அமெச்சூர் வானொலிக் கையேட்டில் ‘ஹை ஆர்பிட் சாட்டிலைட்’ வரும் இடமெல்லாம் ‘உயர்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்’ என்று போட்டுவிடலாமா?

போடலாம் ஐயா, தப்பில்லை. ஆனால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நீளத்தைவிட எனக்கு உறுத்துவது, அந்தச் சொல் உயரத்தை மட்டும் சொல்கிறது என்பது. ஹாம் ஆட்களுக்கு (பொழுதுபோக்காக வானொலியில் பேசும் நம்மைப் போன்றவர்களுக்கு) வேண்டியது உயரமா? கோள் எவ்வளவு நேரம் கண்ணில் நிற்கும் என்பதுதானே.

2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.யில் போன, ஹாம்களுக்கான நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஹாம்சாட்டை நினைத்துப் பாருங்கள். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரம்தான். ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் மறைய அதிகம் போனால் கால்மணி நேரம். 2014இல் அது ஓய்ந்துபோகும்வரை, அதற்குள் கூப்பிட்டு, பெயர் சொல்லி, ‘நலமா’ என்று கேட்டு முடிக்க வேண்டியிருந்தது.

1988இல் ஏவிய இன்னொரு ஹாம் செயற்கைக்கோள் ஆஸ்கார்-13 வேறு மாதிரி. நீள்வட்டப் பாதை, ஒரு சுற்றுக்குச் சுமார் பதினொன்றரை மணி நேரம். பூமிக்குப் பக்கத்தில் விறுவிறுவென்று ஓடும், முப்பத்தாறாயிரம் கி.மீ. உயரத்தை நெருங்கியதும், மேலே எறிந்த கல் உச்சியில் தயங்குவதுபோல மணிக்கணக்கில் அங்கேயே தயங்கி நிற்கும். (சூரியனும் சந்திரனும் இழுத்து இழுத்துப் பாதையின் கீழ்முனை தாழ்ந்துகொண்டே வந்ததில் 1996இல் காற்றுமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோனது.)

அப்புறம் கியூஓ-100. 2018 நவம்பரில் போன கத்தாரின் எஸ்ஹைல்-2 கோளில் ஹாம்களுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. புவிநிலைப் பாதை, கிழக்கு 25.9 பாகை, காங்கோவுக்கு நேர் மேலே. நகர்வதே இல்லை. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் வீச்சுக்குள் வரும்.

பின்னிரண்டும் உயரத்தில் இருப்பவைதான், ஆனால் குணம் வேறு. ஒரே சொல்லில் இரண்டையும் கட்டினால் படிக்கிறவர் குழம்புவார்.

எங்கள் கீழக்கரைப் பக்கம் காலையில் போய் மாலையில் திரும்பும் வள்ளமும் உண்டு; பல நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பதைத் ‘தங்குகடல்’ என்பார்கள், தூத்துக்குடியிலும் அதே சொல்தான். அந்தத் ‘தங்கு’ நமக்கு உதவும். என் முன்மொழிவு: ஹாம்சாட் மாதிரி கடந்து போவது ஓடுகோள், ஆஸ்கார்-13 மாதிரி நீள்வட்டத்தில் போய் நெடுநேரம் நிற்பது தங்குகோள், கியூஓ-100 நிலைக்கோள்.

நிலைக்கோளும் பூமியோடு சேர்ந்து சுற்றத்தானே செய்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். சுற்றுகிறது. கரையில் நிற்பவனுக்கு அசையவில்லை, சொல்லுக்கு அது போதும். ‘கோள்’ என்றால் கோள்மூட்டுவது என்று ஆகாதா என்றும் கேட்டார். ஆகட்டுமே! இங்கே கேட்டதை அங்கே சொல்வதுதானே அதன் வேலை.

என் மொட்டைமாடிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் உள்ள டிடிஎச் டிஷ் எல்லாம் கிழக்கே அண்ணாந்து கிடக்கின்றன. கியூஓ-100ஐக் கேட்க வைத்த என்னுடையது மட்டும் மேற்கே, தெற்குப் பக்கம் ஏழு பாகை ஒதுங்கி, அடிவானத்திலிருந்து 29 பாகையில். அந்தத் திசையில் சரியாக ஒரு பனைமரம்! டிஷ்ஷை மாடியின் மறுமூலைக்கு மாற்றியபிறகுதான் கேட்டது. வரும் அலைவரிசையிலிருந்து 9750 மெகாஹெர்ட்ஸைக் கழித்துத் தரும் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் வாங்கி) ஒன்று, கணினியில் செருகும் வானொலியான எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்று. 10489.75 மெகாஹெர்ட்ஸில் வரும் பீக்கன் (கோள் விடாமல் அனுப்பும் அடையாளக் குறி) 739.75இல் விழ வேண்டும். வெயில் ஏற ஏற எல்.என்.பி.யின் அலைவரிசை தடம்மாறும், அந்தப் பீக்கனைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்கிறேன். எனவே பீக்கனுக்குக் ‘கலங்கரை’ என்றே வைத்துவிடலாம், பாம்பனில் கேட்டால்கூடப் புரியும்.

அப்லிங்க் (நாம் கோளுக்கு அனுப்புவது), டவுன்லிங்க் (கோள் நமக்கு அனுப்புவது) இரண்டுக்கும் ‘ஏறலை, இறங்கலை’ என்று வந்த யோசனை அழகுதான். ஆனால் “சிக்னல் இறங்கலை” என்று நான் சொன்னால் நீங்கள் என்ன புரிந்துகொள்வீர்கள்? ஏறுவழி, இறங்குவழி என்று வைப்போம். கியூஓ-100க்கு 2400 மெகாஹெர்ட்ஸ் ஏறுவழி, 10489 இறங்குவழி. பேசியது ஏறி இறங்கக் கால் நொடி ஆகும், நம் குரலே நமக்குத் திரும்பிக் கேட்கும்.

கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரை அப்படியே விடுவோம், ‘செலுத்துவாங்கி’ எனக்குச் செரிக்கவில்லை. தங்குகோளுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று கையேட்டின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து