முதன்முறையாகத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் செல்லும் மகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

உவர்மலைவாசி:
வணக்கம். பதினாறு வயதான என் மகளுக்கு, திருகோணமலை நகருக்கு வெளியே உள்ள ஒரு தளத்தில் குறிபார்த்துச் சுடுவதைப் பழக இந்த விடுமுறையில் இடம் கிடைத்திருக்கிறது. முதலில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி, பிறகு விரும்புவோருக்கு வெடிமருந்துத் தோட்டா சுடும் .22 ரைபிள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீற்றர் போட்டியில் தெஹானி எகொடவெல நம் நாட்டுக்காகச் சுட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இதே நினைவு. தளத்தினர் தந்த விதித்தாளை மனப்பாடமாகவே ஒப்புவிக்கிறாள். ஆனால், விதிகளை மனப்பாடம் செய்தவர்களும் எந்த இடத்தில் தவறுகிறார்கள், பக்கத்தில் நின்று சுடுபவர்களுக்கு இடையூறு இல்லாமல் எப்படி நடந்துகொள்வது என்பவற்றை அந்தத் தாள் சொல்லவில்லை. எங்கள் தலைமுறைக்குத் துவக்கு என்றாலே விலகி நடந்துதான் பழக்கம். ஆகையால் அவளுக்குச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

பழைய பயிற்றுநர்:
ஐயா, நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை துப்பாக்கி சுட மறுக்கும் வேளையில்தான் நடந்தன. விசையை அழுத்துகிறார், சத்தம் வரவில்லை, உடனே "சேர், இது வேலை செய்யவில்லை" என்று பயிற்றுநரைத் தேடித் திரும்புகிறார். தலை திரும்பத் தோளும் திரும்புகிறது, தோளோடு குழல்வாயும் சுற்றிவந்து பக்கத்தில் நிற்பவரின் இடுப்பைப் பார்க்கிறது. விதியை மறந்து அவர் இதைச் செய்வதில்லை. கூப்பிட்ட திசைக்கோ கூப்பிட வேண்டிய ஆளின் பக்கமோ திரும்புவது மனித உடம்பின் பழக்கம். ஆகவே வீட்டிலேயே ஒரு தும்புத்தடியைத் தோளில் வைத்துச் சுவரைக் குறிபார்க்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து எதிர்பாராமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தடி அசையாமல் வாயால் மட்டும் பதில் வரும்வரை விடாதீர்கள்.

.22 ரைபிளுக்கு வந்த பிறகு இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்தபடி குறைந்தது 30 செக்கன் காத்திருந்து, மற்றக் கையை உயர்த்திப் பயிற்றுநரை அழைக்க வேண்டும். தோட்டாவின் வெடிமருந்து தாமதமாகப் பற்றுவது அரிதென்றாலும் நடப்பதுதான். வழக்கத்தை விட மெல்லிய "பொத்" என்ற சத்தம் கேட்டால், சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதைப் பரிசோதிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்: லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட். சுடாத நேரத்தில் குழலுக்குள் செருகியிருக்கும் பளிச்சென்ற நிற நைலோன் கயிற்றை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கியில் ஒன்றும் இல்லை என்பதைத் தூரத்தில் நிற்பவருக்கும் காட்டுவதற்கே அது இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு தளத்தில், "வெறும் துப்பாக்கிதான்" என்று நண்பர் நீட்டியதைத் திறந்து பாராமல் வாங்கி விசையை அழுத்தியவன் நான். அந்தக் கூரைத் தகரத்தின் துளை வழியே பிறகு நெடுநாள் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

இரு பிள்ளைகளின் தாய்:
என் மகனும் சுடுகிறான் என்பதால் ஒரு தாயின் கவலைகளையும் சேர்க்கிறேன். காற்றுத் துப்பாக்கியின் குண்டு ஈயத்தால் ஆனது. அதைத் தொட்ட கையோடு கன்ரீனுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவிய பிறகுதான் சாப்பாடும் தண்ணீரும். அன்று உடுத்திய உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். கழுத்து மூடிய மேற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து போகட்டும். .22 ரைபிளிலிருந்து தெறிக்கும் வெற்றுக் கோது சுடச்சுட வரும். அது பக்கத்தில் நிற்பவரின் கழுத்துக்குள் விழுந்தால் அவர் துள்ளுவார், துள்ளும்போது கையில் துப்பாக்கி இருக்கும். கண்ணாடியும் காதுக்கவசமும் தன் முறை வரும்வரை காத்திருக்கும் நேரத்திலும் வேண்டும்.

கச்சான் காற்று:
நான் சுடுபவன் அல்லன், ஒரு தளத்துக்கு அயலவன். காற்றுத் துப்பாக்கியின் சத்தம் எங்களை எட்டுவதில்லை; .22 சுடும் நாட்களில் காற்று எங்கள் பக்கம் வீசினால் தெளிவாகவே கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்தக் கை தானாகவே அட்டையைத் தேடியது. நாங்கள் போய்ச் சொன்ன பிறகு, சுடும் நாளையும் நேரத்தையும் தளத்தினர் முன்கூட்டியே அறிவிக்கத் தொடங்கினார்கள். இப்போது அம்மா நேரத்தைப் பார்த்துவிட்டுச் சமையலைத் தொடர்கிறார். உங்கள் மகள் பழகும் இடத்திலும் அப்படி ஓர் அறிவித்தல் உண்டா என்று கேளுங்கள். வெற்றுக் கோதுகளை நினைவுப் பொருளாகப் பையில் போட்டு வருவதையும், துப்பாக்கியைக் கமராவை நோக்கிப் பிடித்துப் படம் எடுப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

உவர்மலைவாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை தும்புத்தடிப் பயிற்சி செய்தோம். முதல் மூன்று தடவையும் தடி என்னை நோக்கித் திரும்பியது, மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை ஒன்றும் உடைந்தது, நான்காவது தடவை "என்னப்பா?" என்ற குரல் மட்டும் வந்தது. அவள் வாயாடி என்பதால் இன்னொரு கேள்வி. தளத்தில் பேசலாமா? வயதில் மூத்த ஒருவர் தவறு செய்வதைக் கண்டால் அவள் சொல்லலாமா?

பழைய பயிற்றுநர்:
பக்கத்தில் நிற்பவர் குறிபார்க்கும்போது பேச்சு வேண்டாம். காற்றுத் துப்பாக்கிப் பலகையில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீற்றர், பக்கத்திலிருந்து வரும் ஒரு சிரிப்பே அதைத் தவறவைக்கப் போதும். பிறருடைய புள்ளிகளை எட்டிப் பார்ப்பதும், கேளாமல் அவர்களுடைய துப்பாக்கியைத் தொடுவதும் அழகல்ல. இலக்குப் பலகையை மாற்ற எவராவது முன்னே போயிருந்தால், தன் துப்பாக்கியின் திருகாணியைக்கூடத் தொடாமல் சுடும் கோட்டிலிருந்து பின்னால் வந்து நிற்க வேண்டும்.

ஆபத்தைக் கண்டால் மட்டும் "ஸ்டொப்" என்று உரத்துக் கத்தலாம், கத்தவும் வேண்டும். அதற்கு வயதோ பதவியோ தேவையில்லை. ஒருமுறை பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என்னையே அப்படி நிறுத்தினான். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்தபடி நான் சுடும் கோட்டுக்கு வந்திருந்தேன்.