புத்தகத்தைக் கட்டி வைத்தது 14 நாள்: சரியா, பிழையா?

கொழுந்துக்கூடை:
நேற்று இங்கே மூடுபனி போட்ட பதிவைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "கொரோனாக் காலத்தில் நம் நகரத்து நூலகம் திரும்பி வந்த புத்தகங்களை 14 நாள் கட்டி வைத்து வாசகர்களைக் காப்பாற்றியது, இனி எந்தத் தொற்று வந்தாலும் அதே முறைதான் சரி" என்று எழுதியிருக்கிறார். இந்த 14 எங்கிருந்து வந்தது? அது மனிதனுக்குச் சொன்ன கணக்கு. தொற்று உடம்புக்குள் போனால் வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகலாம் என்றுதான் ஆட்களை 14 நாள் தனிமைப்படுத்தல் முகாமில் வைத்தார்கள். புத்தகத்துக்கு நுரையீரல் இருக்கிறதா? அமெரிக்காவில் நூலகங்களுக்கென்றே ரியாம் என்ற திட்டத்தில் ஆய்வுகூடத்தில் சோதித்து, அட்டை, பிளாஸ்டிக் உறை, உள்தாள் எதிலும் 3 நாளுக்குப் பிறகு வைரஸைக் காண முடியவில்லை என்று 2020 ஜூனில் சொல்லிவிட்டார்கள். 3 நாள்!

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? உரப்பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி 14 நாள். மழைக்காலத்தில், இந்த மலை ஈரத்தில். எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு வந்த ஒரு பையை நானே அவிழ்த்தேன். உயர்தரப் பொருளியல் புத்தகம் ஒன்று, முதுகுப்பசை விட்டு, நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வருகிறது. இதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

மூடுபனி:
அண்ணன், நான் எழுதியது என் அம்மாவை நினைத்து. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர், தினமும் பத்திரிகை வாசிக்க அந்த நூலகத்துக்குப் போவார். 2020 மார்ச் 20 இலங்கையில் ஊரடங்கு போட்ட நேரத்தில் எந்த ஆய்வுகூடமும் நமக்கு வந்து பாடம் நடத்தவில்லை. பயத்தில் 14 நாள் வைத்தார்கள். கூட வைத்ததால் யார் செத்தார்?

கொழுந்துக்கூடை:
யாரும் சாகவில்லை, புத்தகம் செத்தது. 3 நாள் போதும் என்ற இடத்தில் 14 நாள்.

பழைய வாசகன்:
நான் இந்தத் தொழிலில் 31 வருடம் இருந்தவன், இரவல் பகுதியும் பார்த்தேன், உசாத்துணைப் பகுதியும் பார்த்தேன். தம்பி கொழுந்துக்கூடை பாதியை மட்டும் வாசித்துவிட்டு வந்து வகுப்பு எடுக்கிறார். அந்த 3 நாள் முடிவு புத்தகங்களைத் தனித்தனியாகப் பரப்பி வைத்துப் பார்த்தது. அதே திட்டம் அந்த வருடமே புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்தும் சோதித்தது. அப்போது 6 நாள் கழித்தும் வைரஸ் இருந்தது. இதை ஏன் சொல்லவில்லை? பரப்பி வைக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நீள மேசை. மற்றதெல்லாம் அடுக்கித்தான் வைக்க வேண்டும். கவுண்டரில் நின்று ஒரு நாளாவது வேலை பார்த்திருந்தால் தெரியும்.

கொழுந்துக்கூடை:
ஐயா, 6 நாள் என்றால் 7 நாள் வையுங்கள், 8 நாள் வையுங்கள். 14 எப்படி வரும்? நீங்கள் சொன்ன கணக்கிலேயே 14 வரவில்லையே! அந்த வயதுக்கு உங்களிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் 31 வருடம் என்பதை வைத்து 14 நாளைச் சரியாக்க முடியாது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே, தொற்று பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் நோய் வர வாய்ப்பு 10,000இல் 1க்கும் குறைவு என்று சொன்னது. அதற்குப் பிறகும், ஆவணியில் மறுபடி ஊரடங்கு வந்தபோதும், நம் ஆட்கள் அதே பை, அதே கயிறு, அதே 14.

பழைய வாசகன்:
2021இல் சொன்னதை 2020இல் நாங்கள் கனவில் கண்டிருக்க வேண்டுமா? பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து மூடு என்றால் மூட வேண்டும், திற என்றால் திறக்க வேண்டும். 14 என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, சிற்றூழியருக்கும் விளங்கும், வாசகருக்கும் விளங்கும். ஒன்றுக்கு 3, ஒன்றுக்கு 6 என்று சொன்னால் குழப்பம்தான்.

மேட்டுலயம்:
நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவள். நீங்கள் இருவரும் நாள் எண்ணுகிறீர்கள், பிள்ளைகள் எண்ணிய நாளை யாராவது கேட்டீர்களா? 2020இல் புலமைப்பரிசில் பரீட்சை ஒக்டோபர் 11, உயர்தரம் அதற்கு அடுத்த நாள் தொடங்கியது. அதற்கு முன் மாதக்கணக்கில் பாடசாலை இல்லை. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிக்னலுக்காகத் தேயிலைக்கு மேலே இருக்கிற பாறையில் குடையோடு உட்கார்ந்து வாட்ஸப்பில் வினாத்தாளைப் பார்த்து கொப்பியில் எழுதினாள். மழை பட்டு மை கரைந்த அந்தக் கொப்பியைத்தான் என்னிடம் திருத்தத் தந்தாள். நூலகத்தில் கடந்த கால வினாத்தாள் தொகுப்புகள் அலுமாரி நிறைய இருந்தன, பூட்டுக்குள்ளே.

வெர்ஜினியாவில் ஒரு ஊரில் 2020இல் பாடசாலை நூலகப் புத்தகங்களை ட்ரோனில் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். நமக்கு ட்ரோன் எதற்கு? ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை, கொழுந்து லொறி தினமும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மடுவம் ஓடியது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு ஒரு பெட்டி என்று அதில் ஏற்றியிருந்தால் போதாதா?

சாயத்தண்ணி:
டீச்சர், லொறியெல்லாம் பழைய கதை. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டால் தொடவே தேவையில்லை, 3ம் வேண்டாம் 14ம் வேண்டாம். "நூலகம்" என்ற பெயரில் இருக்கிற இணையத்தளம் 2005இலிருந்து அதைத்தான் செய்கிறது, மலையகத்துப் பத்திரிகை, சஞ்சிகை எல்லாம் அதில் இலவசமாக வாசிக்கலாம்.

மேட்டுலயம்:
அதை நானும் பாவிக்கிறேன் தம்பி, அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு லயக் காம்பராவில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், அந்தப் போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீலோட்டுக்குக் காசு நாட்சம்பளத்திலிருந்து வர வேண்டும். நீங்கள் எந்த டவுனில் இருந்து எழுதுகிறீர்கள்?

சாயத்தண்ணி:
டவுனில் இருந்தால் குற்றமா? என் தாத்தாவும் கங்காணி வீட்டுக்குப் பயந்து வாழ்ந்தவர்தான். தோட்டத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் மலையகம் என்ற மாதிரிப் பேச வேண்டாம்.

கொழுந்துக்கூடை:
யார் மலையகம் என்பதை வேறு பதிவில் பேசுங்கள். 14 நாளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் டவுன் என்று வந்தபடியால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் முதன்முதலில் அங்கத்துவ அட்டைக்குப் போனபோது வயது பதினாறு. தோட்ட முகவரி செல்லாது, டவுனில் வீடு உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று எத்தனையோ வருடம் தள்ளிவைத்தார்கள், 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதனால்தான் லயத்துப் பக்கம் நூலகம் இல்லை, ஒரு பெட்டிப் புத்தகத்துக்குக் கையேந்த வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியையும் 14 நாள் கட்டி வைத்தால் கோபம் வராதா?

பழைய வாசகன்:
சட்டத்தை நான் எழுதவில்லை. பிணை கேட்டது, போன புத்தகம் திரும்பி வராததால். எத்தனை புத்தகத்தை இழந்தோம் என்று பதிவேட்டில் இருக்கிறது.

கொழுந்துக்கூடை:
தோட்டத்துப் பிள்ளைகள் திருடுவார்கள் என்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

பழைய வாசகன்:
அப்படிச் சொல்லவில்லை, வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம்.

மூடுபனி:
அண்ணன், ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கள். நான் அம்மாவைப் பற்றி ஒரு பதிவு போட்டதுக்கு இவ்வளவா? அப்புறம், 14 நாள் வைத்ததில் நான் இன்னும் பிழை காணவில்லை.

கொழுந்துக்கூடை:
காணாமல் எப்படி? மறுபடி சொல்கிறேன். பரப்பி வைத்தால் 3. அடுக்கி வைத்தால் 6 நாளிலும் இருந்தது, சரி, அதற்கு மேலே இரண்டு நாள் கூட்டுங்கள். பையில் கட்டாமல் காற்றோட்டமான இடத்தில், திகதி எழுதிய தாளைச் செருகி வைத்திருக்கலாம். பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன, ஒரு மண்டபத்தைக் கேட்டிருந்தால் வரிசை வரிசையாக வாங்கு இருந்தது. மேசை ஒன்றுதான் என்று சொல்பவர் பக்கத்து மண்டபத்தைக் கேட்டாரா? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு 3 நாளும் 14 நாளும் ஒன்றில்லை. பதினொரு நாள்! பதினொரு நாளில் ஒரு பாடத்தையே திருப்பிப் பார்க்கலாம்.

பழைய வாசகன்:
மண்டபத்தின் திறப்பு என் பொக்கெட்டில் இல்லை. இன்னொன்று, இந்தப் பெயரில் எழுதுபவர் யார் என்று எனக்குத் தெரியும். 2021இல் எடுத்த இரண்டு புத்தகம் இன்றுவரை திரும்பி வரவில்லை. முதலில் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கணக்குப் பேசட்டும்.

கொழுந்துக்கூடை:
அந்த இரண்டில் ஒன்றுதான் ஐயா நான் மேலே சொன்ன பொருளியல் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து அடுப்படிச் சூட்டில் ஒரு மாதம் காய வைத்து, ஒட்டினதை ஒவ்வொன்றாகப் பிரித்து, மைதாப்பசை போட்டு முதுகைக் கட்டினேன். அதற்குப் பிறகு நான்கு பிள்ளைகள் அதில் படித்துவிட்டார்கள், இப்போது ஐந்தாவது பிள்ளையிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் தண்டப்பணம் எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டுகிறேன். 14 நாளைக் கழித்துக்கொண்டு சொல்லுங்கள்.

பழைய வாசகன்:
14 நாளைக் கழிக்க முடியாது.