நாலு குரல், வாத்தியம் இல்லை: வழி சொல்லுங்களேன்

வணக்கம். நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். 1986-இல் நியூயார்க்கில் நாலு பெண்கள் தொடங்கிய அனானிமஸ் 4 குழுவைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இடைக்காலத் திருச்சபை இசையில் ஆரம்பித்து, பிறகு அமெரிக்க நாட்டுப்புறத் துதிப்பாடல்களுக்கும் வந்தவர்கள். அதே போல நாங்கள் நாலு தோழிகள் டிசம்பரில் ஒரு மணி நேரம் பாடப்போகிறோம்.

முதல் பாதி லத்தீன் கீதங்கள். எல்லோருக்கும் ஒரே மெட்டு, தாளக்கட்டு இல்லை, சமாளித்துவிடுவோம். சிக்கல் இரண்டாம் பாதியில். 1844-இல் ஜார்ஜியாக்காரர்கள் தொகுத்த ‘சேக்ரட் ஹார்ப்’ துதிப்பாடல் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறோம். ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி வைரம் என்று சுரத்துக்கு ஒரு வடிவம். முதலில் சுரப்பெயர், அப்புறம்தான் வரிகள். கர்நாடக சங்கீதத்தில் கீதம் பழகிய நமக்கு இது சொந்த வீடு மாதிரி!

ஆனால் பாட்டின் நாலு குரல் வரிகளில் மெட்டு இருப்பது டெனர் (உயர்ந்த ஆண்குரல்) வரியில். எங்களில் ஆண்குரல் இல்லை. பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) வரியை ஒரு ஸ்தாயி ஏற்றினால் அது மெட்டுக்கு மேலே போய்விடுகிறது. மொத்தப் பாட்டின் சுருதியையே ஏற்றுவதா, அந்த வரியை விட்டுவிடுவதா?

இன்னொன்று, நாலாவது சரணம் முடிவதற்குள் சுருதி அரைச்சுரம் இறங்கிவிடுகிறது. ஒத்திகையில் தம்புரா செயலியை ஓடவிட்டால் சரியாகிறது, நிறுத்தினால் பழைய கதைதான். சேர்ந்திசையில் பாடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.