எஞ்சின் சூடானதும் ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்குகிறது: 1999 ஹோண்டா சிட்டி 1.3

கேள்வி (கோவையிலிருந்து)

வணக்கம். வண்டி 1999 மாடல் ஹோண்டா சிட்டி 1.3, பெட்ரோல், மேனுவல் கியர். அப்பா புதிதாக வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். விற்கும் எண்ணம் இல்லை. சரிசெய்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை, ரேஸ் கொஞ்சம் கூடுதலாக நின்று சீராக ஓடும். ஓடி எஞ்சின் சூடான பிறகுதான் தொந்தரவு. சிக்னலில் நியூட்ரலில் நின்றால் ஆர்பிஎம் முள் 1,000-க்கும் 1,800-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 'வூம்... வூம்...' என்று ஒரே தாளம். நான் வேண்டுமென்றே ரேஸ் கொடுக்கிறேன் என்று பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏசி போட்டால் மட்டும் சற்று அடங்குகிறது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

நான்கு பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று. அதன் பிறகு மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவை (ஸ்லோ ஸ்பீடை, அதாவது பெடல் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) உள்ளே திருகிவிட்டார். சூட்டில் கொஞ்சம் குறைந்தது, ஆனால் இப்போது ஸ்லோ ஸ்பீடு சரியாக நிற்காமல் ஏசி போடும்போது எஞ்சின் ஆஃப் ஆகப் பார்க்கிறது. இனி சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். அதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பதில் (சேலத்திலிருந்து)

சென்சார் எதையும் இப்போதைக்கு வாங்காதீங்க ப்ரோ. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருக்கும், அது வழியாகக் காற்று உள்ளே போகும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸ், பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாய்) அடிப்பக்கம், த்ராட்டில் பாடி கேஸ்கெட் மூன்றையும் பாருங்க. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸையும் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெரித்துப் பிடிக்கணும். எதைப் பிடித்ததும் தாளம் நிற்கிறதோ, அந்தப் பக்கம் ஒழுக்கு. காப்ரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான சைலன்ஸர் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும், அது வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும்.

பதில் (மதுரையிலிருந்து)

தம்பி, சேலத்துக்காரர் சொன்னது சரியான வழி. அதையும் செய்யுங்கள். ஆனால் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இது தொடங்குவதற்குச் சற்று முன் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? அப்புறம், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி ஃபேனைப் போடுங்கள். வருவது சூடான காற்றா?

கேட்டவர்

ஹோஸ்கள் எல்லாம் பிடித்துப் பார்த்தேன் அண்ணா, மாற்றம் எதுவும் இல்லை. போன மாதம் ரேடியேட்டர் ஒழுகியதால் வெளியே ஒரு கடையில் புதிது போட்டேன். யோசித்தால் அதற்குப் பிறகுதான் இது வந்திருக்கிறது. ஹீட்டரில் காற்று லேசான வெதுவெதுப்புதான், சூடு இல்லை. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடுவது போல ஒரு சலசலப்பும் கேட்கிறது. ஆனால் டெம்பரேச்சர் முள் எப்போதும் போல நடுவில்தான் நிற்கிறது.

பதில் (மதுரையிலிருந்து)

அப்படியென்றால் ரேடியேட்டர் மாற்றியபோது உங்கள் கூலன்டில் (எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவம்) ஏர் பிடித்திருக்கிறது. ஹீட்டருக்குச் சூடு வருவதும் அந்தக் கூலன்டிலிருந்துதான். நம் ஊரில் ஊட்டி, கொடைக்கானல் போனால் தவிர ஹீட்டரைத் தொடுவதே இல்லை. அதனால்தான் இந்த அடையாளம் பலர் கண்ணில் படாமல் போகிறது.

கூலன்டுக்கும் ஸ்லோ ஸ்பீடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் கால ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் த்ராட்டில் பாடிக்கு அடியில் மெழுகு வைத்த ஒரு சின்ன வால்வு உண்டு. அதற்குள் இரண்டு மெல்லிய ஹோஸ் வழியாகக் கூலன்ட் ஓடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு சுருங்கி, ஒரு காற்றுத் துளை திறந்திருக்கும். காலையில் ரேஸ் கூடுதலாக நிற்பது அதனால்தான். கூலன்ட் சூடாகும்போது மெழுகு விரிந்து அந்தத் துளையை மூடும். த்ராட்டில் பாடி எஞ்சினில் உயரமான இடத்தில் இருப்பதால், சிஸ்டத்துக்குள் மாட்டிய காற்று அங்கே போய்த் தங்கிவிடும். வால்வுக்குச் சூடு போய்ச் சேராது, துளையும் மூடாது. முள்ளுக்கான சென்சார் இருப்பது வேறு இடத்தில், அங்கே கூலன்ட் ஓடுகிறது. அதனால் முள் நடுவில் நின்றதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஏன் தாளமாக ஏறி இறங்குகிறது என்றால், கூடுதல் காற்றில் ரேஸ் ஏறுகிறது. பெடலில் கால் இல்லை, ஆனால் ஆர்பிஎம் அதிகம். இதைப் பார்க்கும் கம்ப்யூட்டர், வண்டி கியரில் உருண்டு இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்துகிறது. ரேஸ் விழுகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்ததும் மறுபடி பெட்ரோல் விடுகிறது. காற்று இன்னும் போய்க்கொண்டிருப்பதால் ரேஸ் திரும்ப ஏறுகிறது. சீரான தாளம் வந்தாலே முதலில் கூடுதல் காற்றைத் தேட வேண்டும். பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால் தாளம் இருக்காது, எஞ்சின் தாறுமாறாக உதறும்.

உறுதி செய்ய ஒரு வழி சொல்கிறேன். எஞ்சின் சூடான பிறகு ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடியின் வாயைப் பாருங்கள். பட்டர்ஃப்ளைக்கு (பெடலை மிதித்தால் திறக்கும் வட்டத் தகடு) முன்னால் சின்னத் துளைகள் தெரியும். எஞ்சின் ஓடும்போது அடியில் இருக்கும் துளையை விரலால் மூடுங்கள். சூட்டில் அங்கே உறிஞ்சல் இருக்கவே கூடாது. துளை விரலை உறிஞ்சி இழுத்து, தாளமும் அடங்கினால் ஆள் அதுதான். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுக்கும் வேலையைக் குளிர்ந்த எஞ்சினில்தான் தொடங்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை, முகம் வெந்துவிடும். மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கழுத்து வரை கூலன்ட் ஊற்றுங்கள். எஞ்சின் மேல் ஏர் விடும் போல்ட் ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை போட்டு நிற்கும் வரை ஓட விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கடைசியாக ஐடில் ஸ்க்ரூவைப் பழையபடி வெளியே எடுத்து, சூட்டில் 750-ஐ ஒட்டி வையுங்கள்.

கேட்டவர்

அண்ணா, அடித் துளையில் விரலை வைத்ததும் பலமாக இழுத்தது, முள் உடனே இறங்கி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் 'புஸ்' என்று வெறும் காற்று, அப்புறம் நுரை, அதற்குப் பிறகுதான் பச்சைக் கூலன்ட் வந்தது. ஃபேன் ஓடி நின்ற பிறகு கழுத்தில் இன்னும் ஒரு லிட்டர் அளவு இறங்கியது. இப்போது ஹீட்டரில் நல்ல சூடு. ஸ்லோ ஸ்பீடு அசையாமல் நிற்கிறது, ஏசி போட்டாலும் விழவில்லை. மெக்கானிக்கிடமும் காட்டினேன், அவரும் அந்தத் துளையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். மிகவும் நன்றி.

பதில் (மதுரையிலிருந்து)

சந்தோஷம் தம்பி. இரண்டு வாரத்துக்குக் காலையில் கூலன்ட் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குறைந்தால் எங்கோ இன்னும் ஒழுகுகிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விறைத்துப் போயிருந்தால் மூடியையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

இன்னொருவர் (திண்டுக்கல்)

என்னிடம் காப்ரேட்டர் மாருதி 800. பெடலை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் ஆஃப். இதற்கும் கூலன்ட்தான் காரணமாக இருக்குமா?

பதில் (மதுரையிலிருந்து)

இல்லை சார், உங்களுடையது வேறு. சாவியை ஆன் செய்யும்போது காப்ரேட்டரில் இருக்கும் சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் சின்ன வால்வு) 'டிக்' என்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் அதற்கு வரும் வயரைப் பாருங்கள். சத்தம் வந்தால் ஐடில் ஜெட் (ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கும். கழற்றி காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.