குடும்பக் குழுவில் லுட்விக்

குழு: ஞானப்பிரகாசம் வீடு
சனிக்கிழமை மாலை

பிரிட்டோ அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். நேற்று ஸ்கேன் முடிந்தது. ஷாலினி நன்றாக இருக்கிறாள். பையன். ஆகஸ்ட் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

லில்லி அத்தை: ஆண்டவருக்குத் தோத்திரம் 🙏🙏 பையன் என்று எப்படித் தெரியும்? சொல்லிவிட்டார்களா?

பிரிட்டோ அண்ணன்: ஜெர்மனியில் சொல்லலாம் அத்தை. தடை கிடையாது.

பெரியம்மா: ❤️❤️❤️ ஷாலினியைப் படி ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்.

பிரிட்டோ அண்ணன்: சரிம்மா. அப்புறம் ஒரு விஷயம். லுட்விக் என்று பெயர் வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

பெரியப்பா: என்னது?

பிரிட்டோ அண்ணன்: லுட்விக்.

பெரியப்பா: முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்றுதானே பேச்சு? ஞானப்பிரகாசம் எங்கே போனார்?

சேவியர் மாமா: பீத்தோவன் பெயர் மச்சான். பெரிய இசைமேதை.

பெரியப்பா: இருக்கட்டும் மாப்பிள்ளை. பீத்தோவன் நம் வீட்டில் எந்தத் தலைமுறை?

நான்: பெரியப்பா, கோபப்படாமல் ஒரு நிமிடம் கேளுங்கள். லுட்விக் என்பதும் தாத்தா பெயர்தான்.

தம்பி ஆன்றோ: அக்கா ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான்: நீ வாயை மூடு. பெரியப்பா, தாத்தாவுக்கு ஏன் ஞானப்பிரகாசம் என்று பெயர் வந்தது?

பெரியப்பா: ஜூன் மாதம் பிறந்தார். 21ஆம் தேதி புனித ஞானப்பிரகாசியார் திருநாள். அதனால் வைத்தார்கள்.

நான்: அந்தப் புனிதர் யார்?

லில்லி அத்தை: அலோசியஸ் கொன்சாகா. மாணவர்களுக்குப் பாதுகாவலர். மறைக்கல்வியில் படித்தது.

நான்: அவரேதான் அத்தை. 1568இல் இத்தாலியில் கஸ்திலியோனே என்ற ஊரில் பிரபு வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தார். சொத்தையெல்லாம் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1591இல் ரோமில் கொள்ளைநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போய், அந்த நோயிலேயே 23 வயதில் இறந்தார். வீட்டில் அவரைக் கூப்பிட்ட பெயர் லுயீஜி. லத்தீனில் எழுதும்போது அலோசியுஸ் ஆக்கினார்கள். லுயீஜி என்றால் பிரெஞ்சில் லூயி, ஸ்பானிஷில் லூயிஸ், ஜெர்மனில் லுட்விக். எல்லாம் ஒரே பெயர்.

பெரியப்பா: அலோசியஸுக்கும் லுட்விக்குக்கும் ஓர் எழுத்தாவது ஒத்துப்போகிறதா? சும்மா பிரிட்டோவுக்கு வக்காலத்து வாங்காதே.

தம்பி ஆன்றோ: பெரியப்பா, இதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. ஃபுட்பால் கோச் லூயி வான் ஹால் தெரியுமா? பயர்ன் மியூனிக்குக்கே கோச்சாக இருந்தவர். அவருடைய முழுப்பெயர் அலோசியுஸ் பவுலுஸ் மரியா வான் ஹால். கூப்பிடுவது லூயி.

சேவியர் மாமா: அட! உருப்படியாக ஒன்று தெரிந்துவைத்திருக்கிறான்.

நான்: சபாஷ்டா. இதைவிட நல்ல சாட்சி என்னிடம்கூட இல்லை.

பெரியப்பா: சரி. லுயீஜி எப்படி அலோசியஸ் ஆகும்? அதைச் சொல்.

நான்: தென் பிரான்சில் இந்தப் பெயரை அலோயிஸ் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. அதற்கு லத்தீன் வால் ஒட்டினால் அலோசியுஸ். 'எல்லாம் அறிந்தவன்' என்று பொருள்படும் வேறொரு பழைய ஜெர்மானியப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியோ, கொன்சாகா விஷயத்தில் குழப்பமே இல்லை. லுயீஜியாகப் பிறந்தவர்தான் அலோசியுஸ் ஆனார்.

சேவியர் மாமா: எல்லாம் அறிந்தவன் என்றால் 'ஞான'ப்பிரகாசம் பொருந்துகிறதே.

நான்: பொருந்துகிறது மாமா. ஆனால் அதை வைத்துத்தான் தமிழில் அப்படிப் பெயரிட்டார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

லில்லி அத்தை: அப்போது நம்ம லூர்து சித்தப்பாவும் லூயியா?

நான்: இல்லை அத்தை, அது மாதா காட்சி கொடுத்த லூர்து ஊர்ப் பெயர். லூக்காஸ், லூசியா எல்லாம் வேறு வீட்டுப் பிள்ளைகள். ஆனால் தாத்தாவின் அம்மா லூயிசம்மாள் இருக்கிறாரே, அவர் இதே வீடு. லூயிஸ் என்ற பெண்பால் பெயரோடு அம்மாள் சேர்ந்தது.

பெரியம்மா: அம்மா லூயிசம்மாள், பிள்ளை ஞானப்பிரகாசம். இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லையே.

ஷாலினி அண்ணி: ஜெனி, அர்த்தம் என்ன? இங்கே ஆபீஸில் கேட்டால் 'புகழ்பெற்ற வீரன்' என்கிறார்கள்.

நான்: கிட்டத்தட்ட சரி அண்ணி. இரண்டு துண்டு. ஹ்லூத் என்றால் பேர்போன, ஊருக்கெல்லாம் கேட்ட. விக் என்றால் போர். இங்கிலீஷில் சத்தமாக என்பதற்கு 'லவுட்' என்கிறோமே, ஜெர்மனில் 'லவுட்' என்றே சொல்வீர்களே, அது இந்த ஹ்லூத்தான். முன்னால் இருந்த ஹகரம் தேய்ந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தில் கேட்கப்பட்டது என்று பொருள்படும் 'ஸ்ருத' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. உங்கள் சுருதிப் பெட்டியில் இருக்கும் சுருதி அந்த வழியாக வந்ததுதான்.

ஷாலினி அண்ணி: ஐயோ, இது எனக்குப் போதும். முடிவு பண்ணிவிட்டேன் 😄

பெரியப்பா: பொறு அம்மா. போர், சண்டை என்றெல்லாம் பச்சைப் பிள்ளைக்கா?

நான்: பெரியப்பா, அந்தக் காலத்து ஜெர்மானியர் பெயர் வைத்த விதமே அப்படி. கையில் ஒரு கொத்து சொற்கள். புகழ், போர், படை, ஓநாய், ஈட்டி, காவல். அவற்றில் இரண்டை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அப்பா பெயரில் ஒரு துண்டு, சொந்தத்தில் இன்னொருவர் பெயரில் ஒரு துண்டு என்றுகூட எடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து பொருள் தருகிறதா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. ஹெட்விக் என்ற பெண் பெயரைப் பிரித்தால் போர்-போர் என்று வரும்.

லில்லி அத்தை: பொருத்தமான பெயர். எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு வைக்கலாம்.

சேவியர் மாமா: முதல் லுட்விக் யார் ஜெனி?

நான்: பேர்போன முதல் ஆள் க்ளோவிஸ் மாமா. ஃபிராங்க் மக்களின் அரசன், 511இல் இறந்தான். க்ளோவிஸ் என்பதும் லுட்விக்கின் பழைய உருவம்தான். லத்தீன்காரர்கள் அந்த 'ஹ்ல'வை உச்சரிக்க முடியாமல் க்ளோதொவேக்குஸ் என்று எழுதிவைத்தார்கள். ரேம்ஸ் நகரில் கிறிஸ்துமஸ் அன்று ஞானஸ்நானம் பெற்றான். 496 என்று வழக்கமாகச் சொல்வார்கள், 508 என்பாரும் உண்டு.

இதற்கு அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். க்ளோவிஸின் வம்சம் மெரோவிங்கியர். 751இல் பெப்பின் என்ற அரண்மனை அதிகாரி அவர்களைத் தள்ளிவிட்டுத் தானே முடி சூட்டிக்கொண்டான். அவன் மகன்தான் சார்லமேன். அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த பெயர்கள் பெப்பின், கார்ல், கார்ல்மன். 778இல் சார்லமேனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது அந்தப் பெயர்களை விட்டுவிட்டு லுட்விக், லோத்தார் என்று வைத்தான். இரண்டும் யாருடைய பெயர்கள்?

பெரியப்பா: கவிழ்த்த வம்சத்தின் பெயர்கள்.

நான்: அதேதான். லோத்தார் சின்ன வயதிலேயே இறந்துபோனான். லுட்விக் பேரரசன் ஆனான். அவன் காசுகளில் பெயரின் முதலில் அந்தப் பழைய ஹகரத்தோடு ஹ்லுதொவிக்குஸ் என்றே பொறித்திருக்கும்.

பெரியப்பா: நாற்காலியையும் பிடித்துக்கொண்டு நாற்காலிக்காரன் பெயரையும் பிடித்துக்கொண்டார்கள். நல்ல சாமர்த்தியம். நாலு தலைமுறை போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

சேவியர் மாமா: நம் ஊரில் கட்சிக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தலைவர் பெயர் வைப்பது நினைவுக்கு வருகிறது.

லில்லி அத்தை: குழுவில் அரசியல் வேண்டாம் 🙏

தம்பி ஆன்றோ: ஒரே பெயர் எப்படி லூயி, லுட்விக் என்று இரண்டாகப் பிரிந்தது?

நான்: பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்த படம் மாதிரி ஓர் ஆவணமே இருக்கிறது. 842 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பூர்க். அந்தப் பேரரசன் லுட்விக்கின் மகன்கள் இரண்டு பேர், இன்னொரு லுட்விக்கும் கார்லும், தங்கள் அண்ணனான இன்னொரு லோத்தாருக்கு எதிராகச் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். லுட்விக்கின் படை ஜெர்மன் பேசும், கார்லின் படை பழைய பிரெஞ்சு பேசும். எதிரே நிற்கும் படைக்குப் புரிய வேண்டும் என்று லுட்விக் பிரெஞ்சிலும் கார்ல் ஜெர்மனிலும் சத்தியம் செய்தார்கள். பழைய பிரெஞ்சுப் பகுதியில் லொதுவிக்ஸ் என்று வருகிறது, ஜெர்மன் பகுதியில் லுதுவிக். அன்றைக்கு அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்ததையெல்லாம் விழுங்கி விழுங்கி லூயி என்று நிறுத்திவிட்டார்கள்.

பிரிட்டோ அண்ணன்: இங்கேயே இப்போதும் இரண்டு விதம். மியூனிக்கில் லுட்விக் என்கிறார்கள். ஹாம்பர்க் நண்பன் கடைசியில் காற்றை விட்டு லுட்விஷ் மாதிரி சொல்கிறான். அவன் சொல்வதுதான் புத்தகப்படி சரியாம்.

நான்: மற்ற நாட்டுப் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். டச்சில் லோடவைக், போலந்தில் லுத்விக், செக்கில் லுத்வீக், ஹங்கேரியில் லயோஷ், கட்டலானில் யூயிஸ், இங்கிலீஷில் லூயிஸ். கார் பந்தய வீரர் ஹாமில்டன் பெயர் அதுதான். ஸ்பெயினின் வடக்கே இருக்கும் பாஸ்க்காரர்களின் பெயர் கொல்டோபிகா. கேட்டால் யாரும் லூயி என்று நம்ப மாட்டார்கள். ஆனால் முதலில் வரும் கொல்லில் அந்த க்ளோவிஸின் க்ள அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தம்பி ஆன்றோ: அண்ணா, கொல்டோபிகா வையுங்கள். பள்ளியில் ஒருவனும் கிட்டே வர மாட்டான்.

பிரிட்டோ அண்ணன்: போடா.

சேவியர் மாமா: பீத்தோவன் லூயியா, லுட்விக்கா?

நான்: இரண்டும்தான் மாமா. 1770இல் பான் நகரில் ஞானஸ்நானப் பதிவில் லத்தீனில் லுதொவிக்குஸ் என்று எழுதினார்கள். தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள், அந்தத் தாத்தா மெஹலன் ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். பிறகு பீத்தோவனின் இசைத்தாள்கள் சிலவற்றில் பிரெஞ்சு நாகரிகத்துக்காக லூயி வான் பீத்தோவன் என்று அச்சடித்தார்கள்.

பெரியப்பா: அவனும் தாத்தா பெயர்தானா. சரி சரி.

நான்: மியூனிக் கதை ஒன்றும் இருக்கிறது. பவேரியாவின் முதலாம் லுட்விக், அண்ணன் வீட்டுப் பக்கத்து லுட்விக் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் பிறந்தது ஸ்ட்ராஸ்பூர்க்கில், 1786இல். அப்பா அப்போது பிரெஞ்சுப் படையில் அதிகாரி. ஞானத்தந்தை யார் தெரியுமா? பிரான்ஸ் அரசர் 16ஆம் லூயி. ஏழு வருடத்தில் அந்த ஞானத்தந்தையின் தலையை வெட்டிவிட்டார்கள். இந்தப் பிள்ளை வளர்ந்து 1810இல் கல்யாணம் செய்துகொண்டது. ஊருக்கே விருந்து, குதிரைப் பந்தயம். அந்தக் கொண்டாட்டம்தான் அக்டோபர் விழாவாக வருடா வருடம் நடக்கிறது.

பிரிட்டோ அண்ணன்: பியர் விழாவா? அது கல்யாண விருந்தா?

பெரியம்மா: அங்கே எல்லாம் போகாதே.

நான்: பெரியப்பா, இது உங்களுக்கு. அந்த லுட்விக் பிறந்தது ஆகஸ்ட் 25. புனித லூயி திருநாள். 1270இல் சிலுவைப்போருக்குப் போன இடத்தில் துனிஸில் இறந்த பிரான்ஸ் அரசர் 9ஆம் லூயி. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரம் அவர் பெயரில்தான். அண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில்தானே தேதி?

லில்லி அத்தை: ஆமென் 🙏 கடவுள் சித்தம்.

பெரியப்பா: [படம்] பீரோவைத் திறந்து அப்பாவின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். பழைய தாள், ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. பெயர் இருக்கும் இடத்தில் லத்தீனில் அலோசியுஸ் என்று எழுதி, பக்கத்தில் தமிழில் ஞானப்பிரகாசம் என்று இருக்கிறது.

நான்: ❤️ இதைவிட என்ன வேண்டும் பெரியப்பா.

பெரியப்பா: அப்படியானால் நேரே அலோசியஸ் என்றே வைக்கலாமே. ஜெர்மனில் அதற்குப் பெயர் உண்டா?

பிரிட்டோ அண்ணன்: அலோயிஸ் அப்பா. ஆனால் இங்கே அந்தப் பெயரைக் கேட்டால் எழுபது வயது விவசாயிதான் கண்முன் வருவார். செல்லமாக லோய்ஸ்ல் என்பார்கள். மறதி நோய்க்குப் பெயர் கொடுத்த அல்சைமர் டாக்டர்கூட அலோயிஸ்தான். பிள்ளைக்கு வேண்டாம்.

பெரியப்பா: சரி. ஞானப்பிரகாசமும் கூடவே இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரிட்டோ அண்ணன்: வைக்கலாம் அப்பா. ஆனால் ஜெர்மன்காரர்கள் முதலில் வரும் 'ஜி' (G) எழுத்தையும் 'என்' (N) எழுத்தையும் தனித்தனியாக உச்சரிப்பார்கள். வாழ்நாள் முழுக்க அவன் க்னானாப்ராகாசாம்.

தம்பி ஆன்றோ: 😂😂😂

பெரியம்மா: [குரல் செய்தி, 0:14]

ஷாலினி அண்ணி: அத்தை சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. லுட்விக் ஞானம். படிவத்தில் இரண்டு பெயர் எழுத இடம் இருக்கிறது. ஜி எழுத்தில்லாமல் 'என்' எழுத்தில் தொடங்கி எழுதிவிடலாம், உச்சரிப்புச் சிக்கலும் தீர்ந்தது.

பெரியப்பா: ஜி இல்லாமலா? அப்பா கையெழுத்துப் போட்டதே ஜியில்தான்.

சேவியர் மாமா: மச்சான், இரண்டாம் பெயரை யார் வாசிக்கப் போகிறார்கள்? ஜி இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியப்பா: அது சரி. ஜியோடு எழுது பிரிட்டோ. கோயிலில் ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கும்போது அலோசியுஸ் என்றும் ஒரு தடவை சொல்லிவிடு.

பிரிட்டோ அண்ணன்: சரிப்பா.

லில்லி அத்தை: நான் லுட்டு என்றுதான் கூப்பிடுவேன்.

ஷாலினி அண்ணி: அத்தை, ப்ளீஸ்.