சேதி போய்ச் சேராத வீடுகளை எப்படிப் பிடிப்பது? களத்தில் கண்டவை

கயல்:
ஊரில் செல்வாக்கானவர்களைத் தன்னார்வலராக்கினால் உடல்நலச் சேதி தானாகப் பரவும் என்று நம்பித்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. அவர்கள் பழகுவது பெரும்பாலும் தம் வசதிக்கு நிகரானவர்களோடு. சேதி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும்.

மாற்று வழி: குடும்பப் பட்டியலில் குலுக்கி எடுத்தவர்களிடம் "உங்கள் நண்பர் ஒருவர் பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டு, அந்த நண்பரைச் சேருங்கள். நிறையப் பேரோடு பழகுபவர் நிறையப் பேரின் வாயில் வருவார். அதனால் அப்படி வரும் நண்பருக்குச் சராசரியைவிடத் தொடர்பு அதிகம். 1991இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் விளக்கியது இதைத்தான். மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் 32 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள், முடிவு 2015இல் வந்தது. நண்பர் வழி போன ஊர்களில் சத்து மாத்திரை வாங்கியவர்கள் வெறும் குலுக்கலைவிட 12.2 சதவீதம் அதிகம். அதிகத் தொடர்புள்ளவர்களையே கணக்கிட்டுப் பிடித்த ஊர்களில் அப்படி எதுவும் கூடவில்லை.

மருதன்:
சரி, ஆனால் யாருமே பெயர் சொல்லாதவர்கள் இந்த முறையிலும் விடுபடுவார்கள். அவர்களைக் காண முழுக் கணக்கெடுப்புதான் வழி. வீட்டுக்கு வீடு 3 கேள்வி: உடம்பு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவசரப் பணத்துக்கு யார்? மனம்விட்டுப் பேச யார்? மூன்றிலும் எவர் வாயிலும் வராத வீடுகளுக்கு நேரில் போயே ஆக வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்கள், தனித்து வாழும் முதியோர், இரவு வேலைக்காரர்கள் அதில் நிறைய இருப்பார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் (மாவட்டம் போன்றது) மக்களை 1965 முதல் 9 ஆண்டு பின்தொடர்ந்தபோது, உறவும் நட்பும் மிகக் குறைந்தவர்களிடையே இறப்பு, அவை மிக அதிகம் உள்ளவர்களைப்போல இரு மடங்குக்கு மேல் இருந்தது. (முகாமுக்கு வந்த தலைகளை எண்ணி மகிழ்வது நம் துறையின் வியாதி. வராதவர் பட்டியலைக் கேளுங்கள், யாரிடமும் இருக்காது.)

சுடர்:
வெளியே தெரிய விரும்பாத குழுக்களுக்குக் கணக்கெடுப்பு உதவாது. அங்கே அழைப்புச் சீட்டு முறை: ஒருவருக்கு 3 சீட்டு, தெரிந்தவர்களிடம் கொடுக்கச் சொல்வது. வந்ததற்கும் அழைத்து வந்ததற்கும் சிறு தொகை. தொகை பெரிதானால் சீட்டு விலைக்குப் போகும். முதல் ஆட்களை ஒரே இடத்தில் எடுத்தால் சங்கிலி அந்த இடத்தைத் தாண்டாது. "இந்தக் குழுவில் உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்?" என்று கேட்டுப் பதிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிறையத் தொடர்புள்ளவர்களின் பங்கு வீங்கி நிற்கும், பிறகு அதைச் சரிக்கட்ட வழியில்லை.

கயல்:
வாட்ஸ்அப் குழுவை நம்புகிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் ஒரே போன் என்றால் அது யார் கையில் இருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.