முகாம் நடத்துகிறவர்களே, நீங்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்கிறீர்கள்?

விசில்சத்தம் (கேள்வி)

ஏழு வருஷமாகக் குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறேன். பகல் முகாமாகத்தான் ஆரம்பித்தது, போன இரண்டு வருஷமாகக் கடைசி ஐந்து நாள் தங்கும் முகாமும் சேர்ந்துகொண்டது. 7 முதல் 13 வயது வரை சுமார் 80 பிள்ளைகள். என்னோடு 14 பேர், பாதிக்கு மேல் கல்லூரி மாணவர்கள், வருஷா வருஷம் முகம் மாறிக்கொண்டே இருக்கும்.

முகாமுக்கு முன் இரண்டு நாள் பயிற்சி உண்டு. முதல் நாள் நான் பேசுவேன், மறுநாள் முதலுதவி சொல்லித்தர ஒருவர் வருவார், விதிமுறைகள் ஸ்லைடில் ஓடும், எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் அப்படி ஒரு பயிற்சி நடந்த சுவடே இருக்காது.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். மைதானத்தில் புதையல் தேடும் விளையாட்டு முடிந்ததும் எல்லாக் குழுவும் தலை எண்ணினார்கள். பச்சைக் குழுவில் ஒன்று குறைகிறது. விசில் அடித்து எல்லாவற்றையும் நிறுத்தித் தேடினோம். ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டாள், தோழியோடு பேசிக்கொண்டே போய் நீலக் குழு வரிசையில் நின்றிருந்தாள். அப்பாடா என்று எல்லாரையும் உள்ளே அழைத்துப் போய்விட்டோம். அப்புறம்தான் உறைத்தது. நீலக் குழு 11 பேர், எண்ணியபோதும் 11 என்றுதானே சொன்னார்கள், அதில் ஒருத்தி பச்சை என்றால் நீலத்துப் பிள்ளை ஒன்று எங்கே? விளையாட்டில் தோற்ற கோபத்தில் ஒரு பையன் சாமான் அறைக்குள் போய்க் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மொத்தம் 20 நிமிஷம், அவனை யாருமே தேடவில்லை. ஒன்றும் ஆகவில்லைதான், ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீலக் குழுவைப் பார்த்துக்கொண்ட தம்பியைக் குறை சொல்லவும் முடியவில்லை. எண்ணச் சொல்லிக்கொடுத்தேன், எண்ணினான்.

அடுத்த சீசனுக்கு எட்டு மாதம் இருக்கிறது. ஊழியர் பயிற்சியை மாற்ற வேண்டும், அது தெரிகிறது. ஆனால் எனக்கு யார் சொல்லித்தருவது? நான் முறைப்படி எதுவும் படித்து இதற்கு வந்தவன் இல்லை, பிள்ளைகளைப் பிடிக்கும் என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். கோர்ஸ் எடுப்பதா, வேறு முகாமில் போய் வேலை பார்ப்பதா, இல்லை வேறு ஏதாவது வழி இருக்கிறதா? உங்களுக்கு உண்மையிலேயே உதவியதைச் சொல்லுங்கள்.

குளக்கரைக்காவல்

முதலில் அவசரமானது. இனிமேல் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள், பட்டியலைக் கையில் வைத்துப் பெயர் கூப்பிடுங்கள். எண் சரியாக இருப்பதே சில சமயம் ஆபத்து, உங்களுக்கு நடந்தது அதுதான். தண்ணீர்ப் பக்கம் நாங்கள் பிள்ளைகளை ஜோடியாகப் பிரித்துவிடுவோம். விசில் அடித்தால் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். பிடிக்கக் கை இல்லாமல் நிற்கும் பிள்ளையே யார் இல்லை என்று சொல்லிவிடும். இதை மைதானத்திலும் செய்யலாம்.

கோர்ஸ் விஷயத்தில் என் கருத்து, முதலுதவியும் சிபிஆரும் (மூச்சும் இதயமும் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுப்பது) கட்டாயம், உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும் என்பதால் கையும் இரண்டு வருஷம் ஞாபகம் வைத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், சில மாதத்திலேயே மறந்துவிடும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும், தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இதை எல்லாரும் ஒப்பிப்பார்கள். பயிற்சிப் பொம்மையைக் கொடுத்து இரண்டு நிமிஷம் விடாமல் அழுத்தச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிஷம் தாண்டுவதற்குள் பலருக்கு ஆழம் குறைந்துவிடும், அவர்களுக்கே அது தெரியாது. அதனால் முகாம் நடக்கும்போதே வாரம் ஒரு முறை, காலையில் பத்து நிமிஷம், பொம்மையை எடுத்து வெளியே வையுங்கள். இரண்டு நாள் பயிற்சியில் மூன்று மணி நேரம் பேசுவதைவிட இது மேல்.

குளம், நீச்சல் எல்லாம் உங்கள் முகாமில் உண்டென்றால் இன்னொன்று. மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கத்தும் என்றே புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கத்த மூச்சு வேண்டுமே, அது கிடைக்காமல்தானே மூழ்குகிறது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டு, கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டு இருக்கும். சத்தமே வராது. பார்க்க விளையாடுகிற மாதிரி இருக்கும், அதிகம் போனால் ஒரு நிமிஷம்தான் மேலே நிற்கும். இதை ஸ்லைடில் காட்டினால் நிற்காது. ஊழியர் ஒருவரைத் தண்ணீரில் இறக்கி அப்படி நடிக்க வைத்து, கரையில் நிற்பவர் எத்தனை விநாடியில் கவனிக்கிறார் என்று கடிகாரம் பிடியுங்கள். முதல் முறை எல்லாருக்கும் முகம் வெளிறிவிடும்.

மூணாவதுசீசன்

கேட்டவர் சாரா, மேடமா என்று தெரியவில்லை, மன்னிக்கவும். நான் நீங்கள் சொல்கிற அந்தக் கல்லூரி மாணவர் கூட்டத்தில் ஒருத்தி, வேறொரு முகாமில் மூன்று வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்லைடுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

முதல் வருஷம் எனக்கு முகாமின் வரலாறு, நோக்கம், சீருடை விதி எல்லாம் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்பது வயதுப் பிள்ளை "வீட்டுக்குப் போகணும்" என்று விக்கி விக்கி அழுதால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, "நாளைக்கும் இப்படியே இருந்தா அம்மாவை வரச் சொல்றேன்" என்றேன். அது அதோடு அமைதியாகிவிட்டது, நானும் பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி தூங்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, அம்மா எப்போ வருவாங்க. அன்றைக்கு முழுக்க எந்த விளையாட்டிலும் சேரவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் அந்தப் பிள்ளையை முகாமிலிருந்து பாதி வெளியே அனுப்பிவிட்டேன். பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் 2007-இல் வீட்டு ஏக்கம் பற்றி வந்த அறிக்கையிலேயே இந்த மாதிரி 'வந்து கூட்டிப்போகிறோம்' என்ற வாக்கு கொடுக்காதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் முகாமில் வேறு மாதிரி செய்தார்கள். பழைய ஆட்கள் பிள்ளைகளாக நடித்தார்கள், நாங்கள் சமாளிக்க வேண்டும். ஒருத்தர் அழுவார், ஒருத்தர் சாப்பிட மாட்டேன் என்பார், ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டு "ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்பார். அந்தக் கடைசி ஒன்றில் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று வாக்கு கொடுத்துவிட்டோம். நடத்தியவர் அங்கேயே நிறுத்தி, அந்தப் பிள்ளை சொல்லப்போவது தன்னை யாரோ அடிக்கிறார்கள் என்று இருந்தால் இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "நீ சொன்னது நல்லது, ஆனா உன்னைப் பாதுகாக்க வேண்டிய ஒருத்தர்கிட்ட நான் சொல்ல வேண்டி வரலாம்" என்று வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பழகினோம். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் இன்னும் வாயில் இருக்கிறது.

பழையகூடாரம்

மேலே இரண்டு பேரும் ஊழியர் பயிற்சி பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள், நல்லதுதான். கேட்டவர் கேட்டது தன்னைப் பற்றி. 24 வருஷம் இதில் இருந்தவன் என்ற முறையில் அதற்கு வருகிறேன்.

இது தொழிலாக இல்லை, ஆர்வத்தில் செய்வது என்று நாமே நினைத்துக்கொள்வதுதான் முதல் சிக்கல். முகாம் நடத்துகிறவர்கள் கூடிப் பேச ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷனின் வேர் 1910-க்குப் போகிறது. அவர்களுடைய தர விதிகளை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள், அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று இல்லை. உதாரணத்துக்கு ஆள் விகிதம். 6 முதல் 8 வயதுக்குப் பகல் முகாமில் 8 பிள்ளைக்கு ஒருவர், இரவு தங்கினால் 6 பிள்ளைக்கு ஒருவர். 9 முதல் 14 வயதுக்கு முறையே 10, 8. ஏன் இரவுக்கு மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் ஐந்து நாள் தங்கும் முகாமுக்குப் பகல் முகாம் கணக்கையே வைத்திருக்கிறீர்களா என்பதும் தெரிந்துவிடும். 80-க்கு 14 என்பது காகிதத்தில் சரி. அதில் சமையலறையில் எத்தனை பேர், ராத்திரி முறை மாறித் தூங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு முகாமில் போய் ஒரு வாரம் வேலை பாருங்கள். பார்வையாளராக வேண்டாம், விருந்தாளிக்கு எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும். ஒரு குழுவை ஏற்று உதவியாளராகப் போங்கள். பத்து வருஷம் மேலே இருந்தவனுக்கு, கீழே நிற்கும்போது அறிவிப்பு எவ்வளவு குழப்பமாகக் காதில் விழுகிறது என்பது அன்றைக்குத்தான் புரியும். எனக்குப் புரிந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

மூன்றாவதாக ஒரு நோட்டு. விபத்து நோட்டு எல்லாரிடமும் இருக்கும், நான் சொல்வது 'தப்பியது' நோட்டு. விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்தும் ஒரு முறை இருக்கிறது, விமானிகள் தாங்களாகவே "இன்று இப்படி ஆகியிருக்கும், தப்பினோம்" என்று எழுதி அனுப்புவார்கள், பெயரை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். அதே மாதிரி எங்கள் முகாமில் ஒரு நோட்டு தொங்கும். மருந்து ஊசி பெட்டியில் இல்லை, பையில் இருந்தது. கயிறு முடிச்சு தளர்ந்திருந்தது. நீலத்தில் 11 எண்ணினேன், ஒன்று வேறு பிள்ளை. இப்படி ஒரு வரி. எழுதியவரைத் திட்டவே கூடாது, ஒரு முறை திட்டினால் அந்த வருஷம் முழுக்க நோட்டு வெள்ளையாகவே இருக்கும். என் அனுபவத்தில் எந்தக் கோர்ஸும் இந்த நோட்டு அளவுக்குச் சொல்லித்தரவில்லை. சீசன் முடிந்ததும் அதை வைத்துத்தான் அடுத்த வருஷப் பயிற்சியே எழுதுவேன்.

ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறீர்கள். சரி, திரும்பி வருகிற நாலைந்து பேர் இருப்பார்கள் அல்லவா, எட்டு மாதமும் அவர்களோடு மட்டும் வேலை செய்யுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவது அவர்கள்தான், நீங்கள் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

விசில்சத்தம்

எல்லாருக்கும் நன்றி. (சார்தான், மூணாவதுசீசன்.)

பழையகூடாரம் ஐயா, கழித்துப் பார்த்தேன். இரவில் பிள்ளைகளோடு இருப்பது 14 இல்லை, 9. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அடுத்த வருஷம் தங்கும் முகாமில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் போகிறேன், ஆள் கூட்டுவது உடனே நடக்காது.

நோட்டு விஷயத்தில் ஒரு சந்தேகம். அதில் என் தப்பை யாராவது எழுதுவார்களா? என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் எனக்கு முன்னால் உட்காரவே யோசிப்பார்கள்.

பழையகூடாரம்

எழுத மாட்டார்கள். முதல் பக்கத்தில் உங்கள் தப்பை நீங்களே எழுதுங்கள், தேதி போட்டு, சாமான் அறை விஷயத்தையே எழுதுங்கள். மற்றவர்கள் படிக்கிற மாதிரி திறந்து வையுங்கள். நாலு நாள் கழித்து யாராவது ஒருவர் சின்னதாக ஏதாவது எழுதுவார், பெரும்பாலும் தொப்பி தொலைந்தது என்கிற மாதிரி. அதற்கும் நன்றி சொல்லுங்கள்.

அஞ்சாம்நம்பர்பேருந்து

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். யாரும் பெற்றோரோடு பேசுவதைப் பற்றிச் சொல்லவில்லையே? என் முகாமில் பாதி வேலை அதுதான். பிள்ளை முழங்கையைச் சிராய்த்துக்கொண்டால் நாங்கள் கூப்பிட்டுச் சொல்வதற்குள் வேறொரு பிள்ளையின் வீடு வழியாகச் செய்தி போய்விடுகிறது, அப்புறம் அது சிராய்ப்பு இல்லை, எலும்பு முறிவு. இப்போதெல்லாம் பயிற்சியில் ஒரு மணி நேரம் போன் ஒத்திகைக்கே வைக்கிறேன். முதல் வாக்கியத்திலேயே "பிள்ளை நன்றாக இருக்கிறாள், என் பக்கத்தில்தான் இருக்கிறாள்" என்று வந்துவிட வேண்டும், அப்புறம்தான் என்ன நடந்தது என்பது. "ஒரு விஷயம் சொல்லணும், பதறாதீங்க" என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் காது அடைத்துவிடும். எளிதாகத் தெரியும், பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் ஒத்திகையில் "பதறாதீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், நான் உட்பட.

விசில்சத்தம், அந்தப் பையன் வீட்டுக்குச் சொன்னீர்களா?

விசில்சத்தம்

அன்று மாலையே சொன்னேன். "பதறாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன்.